759, 805, 821: பிட்சானின் கோல்களை எண்ண எந்த இலவசச் சேவை தேறுகிறது?

2021 ஜனவரி 20 அன்று இத்தாலிய சூப்பர் கோப்பை ஆட்டத்தில் நாப்போலிக்கு எதிராக ரொனால்டோ தன் 760-ஆவது கோலைப் போட்டார். அன்றிரவே ‘உலக சாதனை’ என்று தலைப்புகள் வந்தன. அவர் முந்தியதாகச் சொல்லப்பட்டவர் வியன்னாவிலும் பிராகிலும் ஆடிய யோசெஃப் பிட்சான் (Josef Bican). அவர் கணக்கு 759 என்றது ஒரு பத்திரிகை, 805 என்றது இன்னொன்று. சில நாளில் செக் கால்பந்துச் சங்கம் 821 என்று அறிவித்தது. 1955-இல் பூட்ஸைக் கழற்றி 2001-இல் இறந்துபோன மனிதரின் கோல்கள் இப்படி ஏறி இறங்கினால், எண்ணுகிறவர்களைத்தான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

சோதித்துப் பார்க்க முடியும், காசும் செலவில்லை. ஆர்எஸ்எஸ்எஸ்எஃப் என்ற புள்ளிவிவரக் காப்பகம், ஆஸ்திரிய தேசிய நூலகத்தின் ‘ஆன்னோ’ செய்தித்தாள் தளம், செக் நூலகங்களின் ‘க்ரமேரியுஸ்’ மின்நூலகம் ஆகிய மூன்றும் இதற்கு உதவும். பிட்சானை வைத்து மூன்றையும் எடைபோட்டால் கிடைப்பது இதுதான்: அவருடைய வியன்னாப் பாதியை யார் வேண்டுமானாலும் ஆட்டம் ஆட்டமாகச் சரிபார்க்கலாம், பிராக் பாதியில் பெரும்பங்கு பூட்டிக் கிடக்கிறது. சண்டையில் இருக்கும் போர்க்காலக் கோல்கள் பூட்டிய பக்கத்தில்தான் இருக்கின்றன.

தேட உட்காரும் முன் ஆளின் பயணம் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தப்பான ஊரில், தப்பான நாட்டில் தேடிக்கொண்டிருப்பீர்கள். 1913 செப்டம்பர் 25-இல் வியன்னாவின் ஃபவோரிட்டன் பகுதியில் செக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா தெற்கு பொஹீமியாவின் செட்லிட்சே ஊர்க்காரர். அவரும் ஹெர்த்தா வியன்னாவுக்கு ஆடியவர். ஆட்டத்தில் பட்ட அடியில் சிறுநீரகம் கெட்டு 1921-இல் இறந்தார். மகன் 1931 முதல் 1935 வரை ரேபிட் வியன்னா, 1937 வரை அட்மிரா, அங்கிருந்து 1948 வரை ஸ்லாவியா பிராக். பிறகு விட்கோவிட்சே, 1952-இல் ஹ்ராடெட்ஸ் க்ராலோவே, கடைசியாக 1953–55-இல் டைனமோ பிராக். இந்த டைனமோ வேறு கிளப் இல்லை, கம்யூனிஸ்ட் ஆட்சியில் பெயர் மாற்றப்பட்ட அதே ஸ்லாவியாதான். இது தெரியாமல் ‘ஸ்லாவியா’ என்று மட்டும் தேடினால் கடைசி இரண்டு வருடக் கோல்கள் கைநழுவும். பெயர் உச்சரிப்பிலும் ஒரு வழுக்கல் உண்டு. செக் மொழியில் ‘சி’ எழுத்து ‘ட்ஸ்’ ஆகும். ‘பிக்கான்’ என்று வாசிக்கும் வர்ணனையாளர்கள் அதைக் கவனிப்பதில்லை.

முதலில் ஆர்எஸ்எஸ்எஸ்எஃப். 1994-இல் தொடங்கியது, தன்னார்வலர்கள் நடத்துவது. தோற்றத்தைப் பார்த்து ஓடிவிடக் கூடாது. படம் இல்லை, வண்ணம் இல்லை, தட்டச்சு எந்திரத்தில் அடித்தது போல வெறும் எழுத்துக் கோப்புகள். நம் பழைய ரேஷன் கடைப் பலகைக்குக்கூட அதைவிட அலங்காரம் இருந்தது. ஆனால் கனம் குறைந்த இணைப்பிலும் நொடியில் திறக்கும், கன்ட்ரோல்-எஃப் அடித்தால் முழுப் பக்கத்தையும் தேடும், அப்படியே நகலெடுத்து எக்செல்லில் போடலாம். செக்கோஸ்லோவாக்கிய லீக்கின் சீசன் வாரியான அட்டவணைகள், அதிக கோல் அடித்தவர் பட்டியல், மத்திய ஐரோப்பிய கிளப்களுக்காக 1927-இல் தொடங்கிய மிட்ரோப்பா கோப்பையின் முடிவுகள் எல்லாம் கிடைக்கும். 1938-இல் ஸ்லாவியா அம்ப்ரோசியானா-இன்டரை 9–0 என்று சுருட்டி, இறுதியில் ஃபெரென்ட்ஸ்வாரோஷை வென்று அந்தக் கோப்பையை எடுத்ததும், அதில் பிட்சான் 10 கோல் போட்டதும் அங்கே இரண்டு நிமிட வேலை.

ஒவ்வொரு கோப்பின் அடியிலும் தயாரித்தவர் பெயரும் கடைசியாகத் திருத்திய தேதியும் இருக்கும். எல்லோரும் தாண்டிப் போகும் அந்த இரண்டு வரிகளைத்தான் முதலில் படிக்க வேண்டும். ஒரே விஷயத்துக்கு அங்கே பழைய கோப்பும் புதுக் கோப்பும் அருகருகே இருப்பதுண்டு, எண்கள் ஒத்துப்போகாது. பிட்சானே சாட்சி: பல ஆண்டுகள் சுற்றிய 805 அங்கிருந்து வந்ததுதான். பின்னர் வந்த பட்டியலில் அவர் எண் 950-ஐ ஒட்டிப் போய்விட்டது. அவருக்கும் மேலே எர்வின் ஹெல்ம்ஷென் என்ற ஜெர்மானியர் உட்கார்ந்திருக்கிறார்.

இது ஏமாற்று இல்லை. எதை எண்ணுவது என்ற விதி மாறியது, எண்ணும் மாறியது. 805-க்குள் ரேபிட்டின் ரிசர்வ் மற்றும் அமெச்சூர் அணிகளுக்காகப் போட்ட 27 கோல்கள் இருக்கின்றன. அதிகாரபூர்வமற்ற நாட்டு ஆட்டங்களின் கோல்களும் இருக்கின்றன. இவற்றைக் கழித்தவர்கள் 759 என்றார்கள். நட்பு ஆட்டங்களை எல்லாம் அள்ளிப் போட்டவர்கள் 1,468 வரை போனார்கள். சேவையின் குறை என்னவென்றால் இந்த விதி எண்ணுக்குப் பக்கத்தில் இல்லை. பட்டியலின் மேலோ கீழோ, சுருக்கக் குறியீடுகளாக இருக்கிறது. பத்திரிகைக்காரர் எண்ணை மட்டும் கிள்ளிக்கொண்டு போவதில் ஆச்சரியமில்லை.

இன்னொரு பொறி சீசன் பெயர். செக்கோஸ்லோவாக்கிய லீக் 1948 இலையுதிர் காலத்தில் ஒரு அரைகுறை சீசன் நடத்திவிட்டு, 1949 முதல் காலண்டர் ஆண்டுக்கு மாறியது. ‘1949–50’ என்று தேடினால் ஒன்றும் வராது. 1950 என்று தேடினால், 22 கோலோடு, 37 வயதுக்காரர் பிட்சான் மறுபடியும் பட்டியலின் உச்சியில் நிற்பார்.

அடுத்தது ஆன்னோ. மூன்றில் இதுதான் மாணிக்கம். 2003 முதல் இயங்குகிறது, பதிவு வேண்டாம், கட்டணம் இல்லை. பழைய ஆஸ்திரியச் செய்தித்தாள்கள் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்யப்பட்டிருக்கின்றன. பிட்சானின் வியன்னா ஆண்டுகள் முழுவதும் திறந்த எல்லைக்குள் வருகின்றன. இடைமுகம் ஜெர்மனில் இருந்தாலும் பயம் வேண்டாம், நாளும் பெயரும் தெரிந்தால் போதும்.

புதிதாக வருகிறவர்கள் நேராகத் தேடல் பெட்டியில் பெயரை அடித்து, நூறு குப்பை முடிவுகளைப் பார்த்துவிட்டுத் தளத்தைத் திட்டுவார்கள். வேறு வரிசையில் போக வேண்டும். ஆட்டத்தின் தேதியை ஆர்எஸ்எஸ்எஸ்எஃப்பிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஆன்னோவில் நாள்காட்டிக் காட்சிக்குப் போய் மறுநாளைச் சொடுக்கினால், அன்று வெளிவந்த எல்லாத் தாள்களும் வரிசையாக வரும். லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் ஞாயிறு, ஆகவே திங்கள் இதழ். விளையாட்டுக்கே உரிய ‘ஸ்போர்ட்-டாக்பிளாட்’டை முதலில் திறக்கவும். பொது நாளிதழ் என்றால் பின்பக்கங்களிலிருந்து புரட்டவும். ஸ்கோரை ஒட்டி அடைப்புக்குறியில் வரும் எண் இடைவேளை ஸ்கோர். ‘டோர்’ அல்லது ‘ட்ரெஃபர்’ என்ற சொல்லுக்கு அருகில் கோல் போட்டவர்கள் பெயர் இருக்கும்.

ஞாயிறு விதிக்கு விலக்குகளும் உண்டு. ஆஸ்திரியாவுக்காக பிட்சானின் முதல் ஆட்டம் 1933 நவம்பர் 29, கிளாஸ்கோ, ஸ்காட்லாந்துடன் 2–2. அது புதன்கிழமை. 1934 உலகக் கோப்பையில் ஹங்கேரியை 2–1 என்று வென்ற மே 31 வியாழன். ஆனால் தூரினில் ஃபிரான்ஸுடன் ஆடிய மே 27 ஞாயிறுதான். கூடுதல் நேரத்தில் 3–2 என்று முடிந்த அந்த ஆட்டத்தில்தான் அவருடைய ஒரே உலகக் கோப்பைக் கோல் விழுந்தது.

பெயர் தேடல் எங்கே சறுக்குகிறது என்பதை விளக்கமாகச் சொல்ல வேண்டும், பலர் மூட்டை கட்டுவது இங்கேதான். அந்தக் காலத் தாள்கள் பலவும் ‘ஃப்ராக்டூர்’ என்ற உடைந்த கோண எழுத்தில் அச்சானவை. அதில் பெரிய ‘பி’யும் பெரிய ‘வி’யும் இரட்டைப் பிறவிகள் மாதிரி இருக்கும். எழுத்தைக் கணினி படிக்கும்போது ‘பிட்சான்’ பல இடங்களில் ‘விட்சான்’ ஆகிவிடுகிறார். மங்கிய அச்சில் சின்ன ‘சி’ சின்ன ‘இ’ ஆகிறது. ஆகவே ஒரே பெயரை பி-யிலும் வி-யிலும், நடுவில் சி-யும் இ-யும் மாற்றிப் போட்டு நான்கு விதமாகத் தேட வேண்டும். ஒரு எழுத்துக்குப் பதில் கேள்விக்குறி போட்டால் வேலை பாதியாகும். பத்திகள் குறுகலானவை என்பதால் பெயர் வரி முடிவில் இரண்டாக ஒடிந்து அடுத்த வரிக்குப் போயிருக்கும். அந்த இடம் எந்தத் தேடலிலும் சிக்காது, கண்ணால்தான் பார்க்க வேண்டும். பக்கத்தின் எழுத்துக் காட்சியைத் திறந்தால் கணினி எதை என்னவாகப் படித்தது என்று தெரியும். ஒரு தாளில் இரண்டு மூன்று தவறுகளைப் பார்த்துவிட்டால் அந்தத் தாளின் நோய் பிடிபட்டுவிடும், அதற்கேற்ப அடுத்த தேடலை அமைக்கலாம்.

கிடைத்த பக்கத்தை பிடிஎஃப் ஆகச் சேமிக்கும்போதே தாளின் பெயர், தேதி, பக்க எண் மூன்றையும் கோப்புப் பெயரில் எழுதிவிடுங்கள். பிறகு எழுதலாம் என்று விட்டால், நாற்பது கோப்பு சேர்ந்த பிறகு எது எந்த ஆட்டம் என்று மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இன்னொரு எச்சரிக்கை. ஒரே தாளைப் பிடித்துக்கொண்டு சீசன் முழுக்கப் போக நினைக்காதீர்கள். சமூக ஜனநாயகக் கட்சியின் ‘அர்பைட்டர்-ட்சைட்டுங்’ விளையாட்டுச் செய்திகளை விரும்பிப் படிக்கலாம், ஆனால் 1934 பிப்ரவரிக் கலவரத்தோடு அது தடைசெய்யப்பட்டது. 1933–34 சீசனை அதை நம்பித் தொடங்கினால் பாதியில் கை ஓயும். குறைந்தது இரண்டு தாள்கள் ஒத்துப்போனால்தான் கோலை ஒருவர் பெயரில் எழுத வேண்டும். முரண்பட்டால் மூன்றாவதைத் திறங்கள். அன்றைய ஐரோப்பாவில் பெரும்பாலும் சட்டையில் எண் கிடையாது. கூட்டமான பெட்டிக்குள் யார் கால் பட்டது என்பதை நிருபர் மேட்டில் உட்கார்ந்து ஊகித்து எழுதினார்.

இந்த ஊகத்தின் விலை என்ன என்பதற்கு ஓல்ட்ரிஷிக் நெயெட்லீயைப் பார்க்கலாம். ஜெப்ராக் ஊரில் பிறந்து, ஸ்பார்ட்டா பிராக்குக்கு ஆடிய இவர் 1934 ஜூன் 3-இல் ரோமில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதியில் செக்கோஸ்லோவாக்கியாவுக்காக ஜெர்மனிக்கு எதிராகப் போட்டது இரண்டா மூன்றா? ஒரு கோல் நெடுங்காலம் அணித்தோழர் கர்ச்சில் பெயரில் இருந்தது. நெயெட்லீயின் கணக்கு 4 என்று நின்றதால் இத்தாலியின் ஸ்கியாவியோ, ஜெர்மனியின் கோனன் இருவருடன் முதலிடத்தைப் பகிர வேண்டியிருந்தது. 2006-இல்தான் ஃபிஃபா அந்தக் கோலை அவர் பெயருக்கு மாற்றி, 5 கோலுடன் தனி முதலிடம் தந்தது. அவர் இறந்து பதினாறு வருடம் கழித்து. ஃபிஃபா தளத்தைத் தனிச் சேவையாக இங்கே மதிப்பிடாததற்கும் இதுவே காரணம்: அங்கே முடிவு இருக்கிறது, அதற்கு வந்த வழி இல்லை.

அதே ஜூன் 3 அன்றுதான் மிலானில் ஆஸ்திரியா இத்தாலியிடம் 0–1 என்று தோற்றது. ஆகவே ஜூன் 4 திங்கள் வியன்னா இதழ்களில் இரண்டு அரையிறுதிகளையும் ஒரே மூச்சில் படிக்கலாம். செக் ஆட்டக்காரரைத் தேட வியன்னாவுக்குப் போவது சுற்றுவழி போலத் தெரியும். ஆனால் மூன்றாவது சேவையின் நிலைமையைப் பார்த்தால் அதுதான் நேர்வழி.

க்ரமேரியுஸ் என்பது செக் நூலகங்கள் பயன்படுத்தும் மென்பொருளின் பெயர். தேசிய நூலகம் உட்பட பலவும் அதில் தங்கள் சேகரிப்பை வைத்திருக்கின்றன. ஸ்கேன் தரம் நன்று. எழுத்தும் ஃப்ராக்டூர் அல்ல, சாதாரண லத்தீன் வடிவம்; எனவே கணினியின் வாசிப்பு ஆன்னோவை விடச் சுத்தம். கோல் போட்டவர்களைக் காட்டும் ‘பிராங்கி’ என்ற சொல் பளிச்சென்று சிக்கும். அப்புறம் ஏன் மூன்றாமிடம் என்றால், பதிப்புரிமை. 1930-களின், 1940-களின் தாள்களில் பல, தேடல் முடிவில் பெயரும் தேதியும் காட்டிவிட்டு, பக்கத்தைத் திறந்தால் பூட்டைக் காட்டும். நூலகத்துக் கணினியில் உட்கார்ந்தால் திறக்கும். விற்பனையில் இல்லாத வெளியீடுகள் என்ற ஏற்பாட்டின் கீழ் சில, செக் நூலக உறுப்பினர் அட்டையோடு உள்நுழைந்தால் திறக்கும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பவருக்கு இரண்டும் எட்டாக்கனி. ஆனாலும் பயன் இல்லாமல் இல்லை. பூட்டிய பக்கத்தின் தேதியும் பக்க எண்ணும் தெரிந்துவிட்டால், நகல் கேட்டு நூலகத்துக்குத் துல்லியமாக எழுதலாம்.

தேடும்போது செக் இலக்கணம் காலை வாரும். பெயருக்கே வேற்றுமை உருபு ஏறும் மொழி அது, தமிழருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ‘பிட்சானா’, ‘பிட்சானோவி’, ‘பிட்சானெம்’ என்று வால் மாறிக்கொண்டே போகும். பெயரின் அடியை மட்டும் அடித்து இறுதியில் நட்சத்திரக்குறி போடுவதே வழி. பிட்சானுக்கு அது போதும். சக ஆட்டக்காரர்களைத் தேடும்போதுதான் வேடிக்கை. அன்டோனின் புச் 1934 இறுதியாட்டத்தில் இத்தாலிக்கு எதிராக முதல் கோல் போட்டவர். ‘புச்’ என்றால் செக்கில் ஆட்சிக் கவிழ்ப்பு. தேடினால் ஐரோப்பாவில் எங்கெல்லாம் ராணுவம் புகுந்ததோ அத்தனையும் வரும். ஸ்வொபோடா என்றால் சுதந்திரம். தலையங்கம் தவறாமல் வரும் சொல். நெயெட்லீ என்று போட்டால், போருக்குப் பிறகு கல்வி அமைச்சராக இருந்த ஸ்டெனெக் நெயெட்லீ பட்டியலை அடைத்துக்கொள்வார். பெயரோடு கிளப் பெயரையும் சேர்த்து, காலத்தை ஒரே வாரமாகக் குறுக்கினால்தான் கால்பந்து தென்படும்.

பூட்டைச் சுற்றிப் போக ஒரு சந்து உண்டு. பிராகில் ஜெர்மன் மொழியில் வெளிவந்த ‘ப்ராகர் டாக்பிளாட்’ நாளிதழ் ஆன்னோவில் திறந்து கிடக்கிறது. பிட்சான் 1937-இல் ஸ்லாவியாவுக்கு வந்ததிலிருந்து, ஜெர்மன் ஆக்கிரமிப்புக்குப் பின் 1939 ஏப்ரலில் அந்தத் தாள் நிற்கும் வரை, ஏறத்தாழ இரண்டு சீசன்களை அதில் தொடரலாம். 1938 உலகக் கோப்பையில் அவரைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். குடியுரிமைக் காகிதம் நேரத்துக்கு முடியாததால் அவர் போகவே இல்லை.

1939-க்குப் பிறகுதான் உண்மையான இருட்டு. ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த செக் பகுதியின் பொஹீமியா-மொராவியா லீக்கில் 1939–40-இல் 50 கோல், 1943–44-இல் 57 கோல் என்று அவர் குவித்த காலம் அது. காகிதத் தட்டுப்பாட்டில் செய்தித்தாள்கள் மெலிந்த காலமும் அதுவே. ஸ்லோவாக்கியா தனியாகப் பிரிந்திருந்ததால் பிராக் கிளப்கள் சுருங்கிய லீக்கில் ஆடின. அந்தக் கோல்களுக்குப் போர்க்காலத் தள்ளுபடி போட வேண்டும் என்று சிலர் சொல்வது இதனால்தான். அந்த வாதத்தை முழுதாக ஏற்க முடியாது. போருக்கு முன் 1937–38-இலும் பின் 1946–47-இலும் அதே மனிதர்தான் அதிக கோல் அடித்தவர், பின்னதில் 43. தள்ளுபடி கேட்கிறவர்கள் அந்த இரண்டு சீசன்களுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

சொந்தமாக எண்ணத் தொடங்குகிறவர்கள் எக்செல் தாளில் எட்டுப் பத்திகள் போடுங்கள்: தேதி, அணி, எதிரணி, போட்டியின் வகை, ஸ்கோர், அவர் போட்ட கோல், முதல் ஆதாரம், இரண்டாம் ஆதாரம். இரண்டாம் ஆதாரம் காலியாக இருந்தால் அந்த வரிக்கு மஞ்சள் நிறம். ‘அணி’ பத்தியில் ‘ரேபிட்’ என்று பொதுவாக எழுதாமல் முதல் அணியா, ரிசர்வா, அமெச்சூரா என்று பிரித்து எழுதினால், மேலே சொன்ன 27 கோல்களை வடிகட்டியில் ஒரே தட்டில் சேர்க்கலாம், எடுக்கலாம். நாட்டுக்கும் தனிப் பத்தி வைப்பவர் புத்திசாலி: ஆஸ்திரியாவுக்கு 19 ஆட்டம் 14 கோல், செக்கோஸ்லோவாக்கியாவுக்கு 14 ஆட்டம் 12 கோல், பொஹீமியா-மொராவியாவுக்கு ஒரே ஆட்டம், அதில் 3.

அந்த ஒரே ஆட்டம் 1939 நவம்பர் 12, ஞாயிறு, ப்ரெஸ்லாவில் ஜெர்மனியுடன் 4–4. ஜெர்மன் சங்கம் அதைத் தன் சர்வதேச ஆட்டமாகவே எண்ணுகிறது. எதிர்ப்பக்கத்து நாடோ வரைபடத்தில் இல்லாமல் போய்விட்டது. பிட்சானின் சர்வதேசக் கோல்கள் சில இடங்களில் 26 என்றும் சில இடங்களில் 29 என்றும் வருவது இந்த ஹாட்ரிக்கால்தான். மறுநாள் திங்கள், நவம்பர் 13 வியன்னா இதழ்களை ஆன்னோவில் திறந்து தொடங்கலாம். பெயரை வி-யிலும் அடித்துப் பார்க்க மறக்க வேண்டாம்.